இரைப்பையில் இரத்தக்கசிவு: பசை ஊசிக்கு அஞ்ச வேண்டுமா?



ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் மருத்துவ ஊழியத்தைத் தாங்கிவரும் நீங்கள், அந்த ஊழியத்தில் நடப்பதை விளங்கிக்கொள்ளவும் வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதற்காக இவ்விதழில் ஒரு நோயையும் அதற்குரிய ஒரு சிகிச்சையையும் பாடமாக எடுத்துக்கொள்ளுகிறோம். வயிற்றுக்குள் புடைத்து நிற்கும் இரத்தக்குழாய் வெடித்து இரத்தம் கொட்டும்போது, எண்டோஸ்கோபி குழாயின் வழியாகப் பசையைச் செலுத்தி அதை அடைக்கிற சிகிச்சை அது. மக்கள் இதைப் "பசை ஊசி" என்றும் "க்ளூ ஊசி" என்றும் சொல்லுகிறார்கள்.

மருத்துவமனைப் போதகர்களாகிய நாங்கள் மருத்துவர்கள் அல்ல. ஆனால் பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பும் நேரத்தில், சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டிய மனைவியோ மகனோ முதலில் கேள்வி கேட்பது பெரும்பாலும் எங்களிடம்தான். "ஐயா, செருப்பு ஒட்டுகிற பசையை உடம்புக்குள் விடலாமா? அது மூளைக்குப் போய்விடும் என்கிறார்களே? ஒரு தடவை போட்டால் சரியாகிவிடுமா?" இவை நியாயமான கேள்விகள். "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லி இவற்றை மூடிவிடலாகாது. அதே சமயம், இந்தப் பயத்தினாலேயே வீட்டுக்குத் திரும்பி, அடுத்த வாந்தியில் உயிரிழப்பவர்களும் உண்டு. ஆகவே உண்மையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. நோய் எங்கே தொடங்குகிறது?

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்பும் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெரிய குழாயில் சேர்ந்து கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வழியாகவே வருகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனாலும், அந்தச் சிரையிலேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும், இரத்தம் முன்னே செல்ல வழியில்லை.

நம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. பெரிய வாய்க்காலின் மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்பதில்லை. கிளை வாய்க்கால்களில் ஏறி, பலவீனமான கரையை உடைக்கிறது. அப்படியே உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள சிறு சிரைகள் தங்கள் அளவுக்கு மீறிய இரத்தத்தைத் தாங்கிப் புடைத்து, முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் அதன் மெல்லிய சுவர் கிழியும். முன்னறிவிப்பு எதுவும் இராது, வலிகூட இராது. திடீரென்று இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கறுப்பு மலம், தலைசுற்றல், மயக்கம்.

டெல்லியில் டாக்டர் சிவ் குமார் சரீனும் அவருடன் உழைத்தவர்களும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் மிகுந்த 568 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1992-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஐந்தில் ஒருவருக்கு இரைப்பையில் இத்தகைய புடைப்புகள் இருந்தன. உணவுக்குழாய்ப் புடைப்புகளைவிட இவை குறைவாகவே வெடித்தன. ஆனால் வெடித்தபோது இரத்தப்போக்கு கடுமையாக இருந்தது, அதிக யூனிட் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இரைப்பைப் புடைப்புகள் இருக்கும் இடத்தைக் கொண்டு அவற்றை நான்கு வகையாகப் பிரித்தவரும் அவரே. இன்றும் எந்த நாட்டு மருத்துவரும் அந்த வகைப்பெயர்களையே குறிப்பில் எழுதுகிறார்.

2. இது குடிகாரர்களின் நோயா?

இதைத் தனித்தலைப்பாக எழுதக் காரணம் உண்டு. இரத்த வாந்தி எடுத்தவர் வீட்டில் சபையார் விசாரிக்கப் போகும்போது, மெதுவான குரலில் முதலில் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான்.

மதுவினால் கல்லீரல் கெட்டவர்கள் அநேகர் உண்டு என்பது மெய். ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளாலும், சர்க்கரை நோயோடும் உடற்பருமனோடும் வருகிற கொழுப்புக் கல்லீரலாலும் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவருக்கும் இந்நிலை வரும். குழந்தைப் பருவத்திலேயே போர்ட்டல் சிரை அடைபட்டு, பள்ளி செல்லும் வயதில் இரத்த வாந்தி எடுக்கும் பிள்ளைகள் நம் நாட்டில் உண்டு. அவர்களுடைய கல்லீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கல்லீரல் சுருங்காமலேயே உள்ளே இருக்கும் நுண்ணிய சிரைகள் கெடுகிற இன்னொரு நோயை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கணைய அழற்சியினால் மண்ணீரல் சிரை மட்டும் அடைபட்டு, அதனால் இரைப்பையில் புடைப்பு உண்டாவதும் உண்டு.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. குடித்துக் கெட்டவராகவே இருந்தாலும், இரத்தம் கொட்டும் நேரம் விசாரணை நேரம் அல்ல. அவமானத்துக்கு அஞ்சி நோயை மறைத்து, கறுப்பு மலம் போவதை இரண்டு மூன்று நாள் சொல்லாமல் இருக்கிறவர்களைக் காண்கிறோம். அந்தத் தாமதமே உயிரைக் குடிக்கிறது.

3. பசை எவ்வாறு வேலை செய்கிறது?

சயனோஅக்ரிலேட் என்னும் பொருளை 1942-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி கூவர் குழுவினர் கண்டார்கள். தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் அதன் பயன் விளங்கிற்று. 1958-ல் பசையாக விற்பனைக்கு வந்தது. கடையில் நாம் வாங்கும் உடனடிப் பசையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் மருத்துவர் பயன்படுத்துவது அதே பொருள் அன்று. உடல் திசுக்களுக்கு ஊறு குறைவான பியூட்டைல் சயனோஅக்ரிலேட் என்னும் வகை, கிருமி நீக்கப்பட்டு, சிறு குப்பியில் அடைத்து வருகிறது. எனவே "செருப்புப் பசை" என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பசையை யாரும் எந்தக் காயத்திலும் போட்டுக்கொள்ளவும் கூடாது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டாக்டர் நிப் சோஹெந்திராவும் அவருடைய குழுவினரும் இரைப்பைப் புடைப்புகளில் இதைச் செலுத்தி, 1986-ல் அந்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அன்றுமுதல் ஆசிய நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இம்முறை பரவிற்று.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, குழம்பு அச்சின் உருவத்திலேயே இறுகிவிடும். இங்கே புடைத்த இரத்தக்குழாயே அச்சு. எண்டோஸ்கோபி குழாய் வாய்வழியாக இரைப்பைக்குள் செல்லுகிறது. அதன் நுனியிலிருந்து மெல்லிய ஊசி வெளிவந்து, புடைப்புக்குள் நுழைகிறது. பசை இரத்தத்தைத் தொட்டதும் சில விநாடிகளில் கெட்டியாகி, உள்ளே அச்சு வார்த்ததுபோல் நிரம்பி, இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. பிறகு மழுங்கிய முனையால் தொட்டுப் பார்த்து, புடைப்பு கல்போல் இறுகிவிட்டதா என்று மருத்துவர் உறுதிசெய்கிறார். மெத்தென்று இருந்தால் இன்னொரு முறை செலுத்துவார்.

உணவுக்குழாய்ப் புடைப்புகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது வழக்கம். இரைப்பையின் மேற்பகுதியிலோ புடைப்புகள் பெரியவை, ஆழமானவை. வளையத்துக்குள் முழுவதும் அடங்குவதில்லை. வளையம் கழன்று விழும்போது பெரும் புண்ணாகி மறுபடி கொட்டும் அபாயம் உண்டு. தைவானில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2001-ல் வெளியான ஆய்வில், பாய்ந்துகொண்டிருந்த இரத்தம் பசையினால் 87 சதவீதத்தினருக்கும், வளையத்தினால் 45 சதவீதத்தினருக்கும் நின்றது. டெல்லியில் ஒருமுறை இரைப்பைப் புடைப்பு வெடித்துப் பிழைத்த 67 பேரைப் பகுத்து, ஒரு சாராருக்குப் பசையும் மறு சாராருக்கு மாத்திரையும் கொடுத்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மறுபடி இரத்தம் கொட்டியது பசை பெற்றவர்களில் 15 சதவீதம், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம். இறந்தவர்கள் முறையே 3 சதவீதம், 25 சதவீதம்.

4. ஆபத்து எவ்வளவு?

இப்போது பயத்துக்கு வருவோம். பயம் வீண் பயம் அல்ல. பசை இறுகுவதற்கு முன் இரத்த ஓட்டத்தோடு சிறு துணுக்கு நழுவிப்போகக் கூடும். இரைப்பைப் புடைப்பிலிருந்து சிறுநீரகச் சிரைப் பக்கமாகப் பெரிய குறுக்கு வழி திறந்திருக்கும் நோயாளிகளில் இரத்தம் வேகமாக ஓடும்; அவ்வழியே துணுக்கு இருதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து நுரையீரலில் தங்கலாம். சிறு துணுக்கானால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. பெரிதானால் மூச்சுத்திணறல் வரும். இருதய அறைகளுக்கு நடுவே துவாரம் உள்ளவருக்கு அது இடப்பக்கம் தாண்டி மூளைக்கும் போகக்கூடும். அப்போது பக்கவாதம் வரலாம். "மூளைக்குப் போகும்" என்று ஊரில் பேசப்படுவதற்கு மூலம் இதுவே.

எத்தனை பேருக்கு? சீனாவில் இச்சிகிச்சை பெற்ற 753 நோயாளிகளைப் பற்றிய விவரம் 2010-ல் வெளியாயிற்று. பசைக் கட்டி உரிய காலத்துக்கு முன்பே கழன்று மறுபடி இரத்தம் வந்தது 4.4 சதவீதத்தினருக்கு. இரத்தத்தில் கிருமி பரவியது 1.3 சதவீதத்தினருக்கு. துணுக்கு வேறு உறுப்புக்குப் போய் அடைத்தது 0.7 சதவீதத்தினருக்கு. இச்சிகிச்சையின் பின்விளைவால் இறந்தவர்கள் 0.53 சதவீதம், அதாவது ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஐந்து பேர்.

இதைத் தராசின் ஒரு தட்டில் வைப்போம். மறு தட்டில் என்ன இருக்கிறது? புடைப்பு வெடித்து இரத்தம் கொட்டியவர்களில், இன்றைய நல்ல சிகிச்சைகள் எல்லாம் கிடைத்தும், நூற்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துபோகிறார்கள். சிகிச்சையே இல்லாமல் வீட்டில் கிடப்பவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஆயிரத்தில் ஐந்து என்பது அற்பம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஐந்தில் ஒருவர் நம் வீட்டாராக இருந்தால் அது நமக்கு முழு இழப்பே. ஆனால் ஆபத்தேயில்லாத வழி ஒன்று பக்கத்தில் இருப்பதாக எண்ணி இதை மறுப்பது தவறு. அப்படி ஒரு வழி இல்லை.

சிகிச்சைக்குப் பின் இரண்டொரு நாள் லேசான காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் வருவது சாதாரணம். வாரங்கள் மாதங்கள் கழித்து, இறுகிய பசை இரைப்பைக்குள் தானே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். அதற்குள் அடியில் இருந்த குழாய் அடைந்து ஆறியிருக்கும். "போட்ட பசை விழுந்துவிட்டதாம்" என்று கேட்டு யாரும் கலங்க வேண்டாம். விழும்போது இரத்தம் வந்தால் மட்டும் உடனே ஓட வேண்டும்.

5. ஆபத்தைக் குறைப்பது எது?

பசையின் அளவும் கலவையும் முதலாவது. பசை ஊசிக்குள்ளேயே இறுகிவிடாதபடி லிப்பியோடால் என்னும் எண்ணெய் மருந்தைக் கலப்பது பலருடைய வழக்கம்; எக்ஸ்ரேயில் பசை போன இடத்தையும் அது காட்டிக்கொடுக்கும். எண்ணெய் மிகுந்தால் பசை மெதுவாக இறுகும், துணுக்கு நழுவும். களிமண் குழம்பில் தண்ணீர் மிகுந்தால் அச்சில் நிற்காததுபோலத்தான். ஒரு தடவைக்கு ஒரு மில்லி லிட்டருக்கு மேற்படாமல், சிறு அளவாகச் செலுத்துவதே பத்திரம் என்பது பொதுவான விதி.

இரண்டாவது, கைப்பழக்கம். ஊசியைக் குத்துகிற மருத்துவரும் பசையைத் தள்ளுகிற உதவியாளரும் ஒருவர் சொல்லை ஒருவர் நொடியில் கேட்டு நடக்க வேண்டும். தாமதித்தால் ஊசியே புடைப்பில் ஒட்டிக்கொள்ளும். பசை தெறித்தால் கண்ணுக்குக் கேடு என்பதால் நோயாளியின் கண்ணையும் மூடி, தாங்களும் கண்ணாடி அணிகிறார்கள். ஆகையால் இச்சிகிச்சை பழகியவர்கள் இருக்கும் இடத்தில்தான் செய்யப்பட வேண்டும். எங்களிடத்தில் இந்த வசதி இல்லை. நோயாளியை நிலைப்படுத்திப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே எங்கள் வேலை.

மூன்றாவது, முன்னேற்பாடு. சிரை அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் போன்ற மருந்தும், கிருமிகளுக்கு எதிரான மருந்தும் முதலிலேயே தொடங்கப்படுகின்றன. இரத்தம் அளவாக ஏற்றப்படுகிறது. வெளுத்துப்போயிருக்கிறாரே, இன்னும் ஏற்றுங்கள் என்று உறவினர் வற்புறுத்துவதுண்டு. ஆனால் அளவுக்கு மீறி ஏற்றினால் சிரை அழுத்தம் உயர்ந்து மறுபடி வெடிக்கும். ஹீமோகுளோபின் 7, 8 கிராம் அளவில் நிற்பதே பெரும்பாலோருக்குப் போதுமானது. நினைவு மங்கியவருக்கு இரத்தம் மூச்சுக்குழாயில் இறங்காதபடி சுவாசக்குழாய் பொருத்திய பின்பே எண்டோஸ்கோபி செய்கிறார்கள்.

நான்காவது, குடும்பத்தார் சொல்ல வேண்டியதைச் சொல்லுவது. இருதயத்தில் துவாரம் என்று எப்போதாவது சொல்லப்பட்டிருந்தால், முன்பு பக்கவாதம் வந்திருந்தால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுவந்தால், அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

6. பசை செய்யாதது எது?

பசை ஓட்டையை அடைக்கிறது; கல்லீரலைக் குணமாக்குவதில்லை. மதகு இன்னும் அடைபட்டே இருக்கிறது. எனவே சில வாரங்களில் மறுபடி எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். புதிய புடைப்பு இருந்தால் மீண்டும் பசை தேவைப்படலாம். சிலருக்குப் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை தொடர வேண்டும். பசையினால் நிற்காதவர்களுக்குக் கல்லீரலுக்குள் மாற்றுவழி அமைக்கும் சிகிச்சையும், குறுக்கு வழிச் சிரையை அடைக்கும் சிகிச்சையும், தகுதியுள்ளவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் உண்டு. மண்ணீரல் சிரை மட்டும் அடைபட்டவருக்கு மண்ணீரலை எடுத்துவிடுவதே முழுக் குணமாகலாம். "ஒரு தடவை போட்டால் சரியாகிவிடுமா?" என்ற கேள்விக்கு விடை இதுதான்: அன்றைய உயிரைப் பசை காக்கிறது, மீதியைத் தொடர் கவனிப்பு காக்கிறது.

இரத்தம் நின்றதும் பலர் திரும்பிப் போவதில்லை. பேருந்துச் செலவு, ஒருநாள் கூலி இழப்பு, துணைக்கு ஆளில்லாமை ஆகியவையே காரணம். மருத்துவத்தின் தோல்வி என்று எழுதப்படும் பல மரணங்கள் உண்மையில் இந்த இடைவெளியில் நிகழ்கின்றன. இந்த இடத்தில்தான் உங்கள் காணிக்கை வேலை செய்கிறது.

7. நாம் செய்யக்கூடியவை

இரத்த வாந்தியோ தார்போன்ற மலமோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் புகட்டாதீர்கள். பழைய மருத்துவச் சீட்டுகளையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், விடாத காய்ச்சல், மறுபடி இரத்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே திரும்ப அழைத்துச் செல்லுங்கள். பசை போட்ட விவரம் எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது என்னவென்று வேறு மருத்துவருக்கு அது சொல்லும். மருத்துவரைக் கேளாமல் மூட்டுவலி மாத்திரைகளை வாங்கித் தராதீர்கள். மது முற்றிலும் நிற்க வேண்டும். நிறுத்த முயல்கிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டறியுங்கள். சபை வாலிபர்கள் இரத்ததானத்துக்கு முன்வரட்டும். ஆரோக்கியமான ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இரைப்பைப் புடைப்பு வெடித்த ஒருவருக்குப் பல யூனிட்டுகள் தேவைப்படும் என்பதை மேலே கண்டோம்.

கலந்து சிந்திக்க

1. நம் சபையில் கல்லீரல் நோயாளி ஒருவர் இருந்தால், தன் நோயைத் துணிந்து சொல்லக்கூடிய இடமாக நம் ஐக்கியம் இருக்கிறதா?

2. ஒரு சிகிச்சையின் ஆபத்தைக் கேட்டவுடன், அதைச் செய்யாவிட்டால் வரும் ஆபத்தையும் கேட்கிறோமா?

3. நம் தெருவில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டியவருடன் ஒருநாள் துணைக்குச் செல்ல யாரால் முடியும்?

கம்மாபுரத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போகிற ஒவ்வொரு நோயாளிக்காகவும், அங்கே ஊசியைப் பிடிக்கும் கைகளுக்காகவும், வீட்டில் விழித்திருப்பவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். இதை வாசித்தபின் பக்கத்து வீட்டாருக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

ஆண்டவருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்